மங்கம்மாளின் நாய்க்கு விஷம் வைத்தவன்

கருவாயனின் மூக்கில் ரத்தம் ஒழுகுகிறது என்ற செய்தி புளியங்கொல்லை முழுக்கப் பரவி முடிவதற்குள், விஷம் வைத்தவன் தனசேகரன்தான் என்ற தீர்ப்பும் கூடவே பரவிவிட்டது. ஊர் என்றால் அப்படித்தான். மழையில் பாதைக்குக் குறுக்கே விழுந்த மரத்தைத் தள்ளிப்போட ஆள் சேர வாரக்கணக்கில் ஆகும். ஒருவன் தலையில் பழியைத் தூக்கி வைக்க அரைப்பொழுது போதும்.

அவனும் பழிக்கு இடம் கொடுத்திருந்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவனுடைய கொல்லைக்கும் மங்கம்மாளின் சாமைக் கொல்லைக்கும் நடுவில் ஒரு கல்வரப்புதான். அவளுடைய நாய் கருவாயன் அதைத் தாண்டி வந்து, அடைக்கு உட்கார்ந்திருந்த கோழியைக் கவ்விக்கொண்டு போனது. தனசேகரனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வரப்பின் மேல் ஏறி நின்று, "இன்னொரு வாட்டி உன் நாயி இந்தப் பக்கம் வந்துச்சின்னா சோத்துல வெஷம் வெச்சிடுவேன், சொல்லிட்டேன்!" என்று கத்தினான். மங்கம்மாளிடம் சொன்னதை ஊரே கேட்டது. அதற்கடுத்துப் பிடித்த மழை ஓய்வதற்குள் நாய் சோற்றைத் தொடவில்லை, எழுந்து நிற்கவில்லை, மூக்கில் ரத்தம். கேட்டவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

மங்கம்மாள் புருஷனை இழந்தவள், பிள்ளையும் இல்லை. காட்டுப்பன்றி புகுந்து சாமையைப் புரட்டிப்போடாமல் அவளுக்கு வருஷக் கஞ்சியைக் காப்பாற்றிக் கொடுப்பது கருவாயன்தான். விஷம் முறியட்டும் என்று புளிக்கரைசலை அதன் வாயில் ஊற்றினாள். அது அவள் மடியிலேயே வாந்தியெடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தது. நனைந்த அந்தச் சேலையோடேயே ஊர் வழக்கைத் தீர்த்துவைக்கும் ஊர்க்கவுண்டர் துரைக்கண்ணுவின் வாசலில் போய் நின்றாள்.

"எனக்கு அபராதம் வாணாம், கவுண்டரே. பஞ்சாயத்தும் வாணாம். வேடியப்பன் கல்லுல கற்பூரம் ஏத்துங்க. அவன் வந்து அணைக்கட்டும்."

துரைக்கண்ணு கவுண்டர் அவளை உட்காரச் சொல்லிப் பார்த்தார். அவள் உட்காரவில்லை. தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. அழுததால் சிவந்தது என்று அவர் நினைத்தார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கற்பூரம் என்று சொல்லியனுப்பினார்.

மலையில் மற்ற ஊர்களில் எப்படியோ, புளியங்கொல்லையில் கற்பூரம் என்றால் விளையாட்டு இல்லை. வேடியப்பன் கல்லின் முன் கற்பூரத்தை ஏற்றுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் 'நான் செய்யவில்லை' என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அதை அணைக்க வேண்டும். அதோடு முடிந்துவிடாது. அடுத்த அமாவாசைக்குள் குற்றம் சாட்டியவர், அணைத்தவர் இருவரில் யார் படுக்கையில் விழுகிறாரோ அவர் பக்கம் பொய். விழுந்தவர் தன் பொய்யைக் கல்லின் முன் வந்து ஒத்துக்கொள்ளும் வரை யாரும் அவருக்கு மருந்து கொடுக்கக் கூடாது, மலையை விட்டு இறக்கவும் கூடாது. இறக்கினால் சாமியின் தீர்ப்புக்குக் குறுக்கே போன பாவம் இறக்கியவன் வீட்டைப் பிடிக்கும். இப்படித்தான் அருள் என்பவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்துத் துடித்தே செத்தான். குடல்வால் வீங்கி வெடித்திருக்கும் என்று பிறகு கீழே விசாரித்தவர்கள் சொன்னார்கள். ஊர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

செய்தி வந்தபோது தனசேகரன் கதிர் அறுத்துக்கொண்டிருந்தான். கருக்கரிவாளைக் கீழே போட்டான். கை நடுங்கியது.

"நீதான் வெக்கலியே, அப்புறம் இன்னாத்துக்கு நடுங்கற?" என்றாள் அவன் மனைவி கோகிலவாணி. "போயி ஒரே அடியா அடிச்சி அணைச்சிட்டு வா."

"வெச்சேன் கோகிலா."

அவள் கையிலிருந்த கதிர்க்கட்டு நழுவியது.

"நாயிக்கு இல்ல. பன்னிக்கு. ஓடைப் பக்கம் ஒரு பூசணிக்காயைக் கெல்லி, உள்ள பயிருல பூச்சிக்குப் போடற குருணை மருந்து போட்டு வெச்சேன். காலையில போயிப் பாத்தா காயைக் காணோம். பன்னியும் சாவல, ஒண்ணியும் சாவல. எது தின்னுச்சின்னு தெரியல."

காட்டுப்பன்றிக்கு விஷம் வைப்பது வனத்துறைக்குத் தெரிந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். அதனால் அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவனை வாட்டியது வனத்துறை அல்ல. அந்தப் பூசணியைக் கருவாயன் தின்றிருந்தால்? அணைக்கிற கற்பூரம் பொய்க் கற்பூரம். சாமி இருக்கிறாரா இல்லையா என்று கீழே டவுனில் உட்கார்ந்து பேசலாம். அந்தக் கல்லின் முன் நின்று பேச முடியாது.

"அது எதால சாவுதுன்னு தெரியாம நான் கையை வெக்க மாட்டேன்," என்றான். "ஜமுனாமரத்தூருக்குத் தூக்கினு போலாம். மாட்டாஸ்பத்திரி டாக்டர் பாத்தா தெரியும்."

"அவ நாயைக் குடுப்பாளா?"

"கேட்டாத்தானே குடுக்கறதும் குடுக்காததும்?"

மங்கம்மாள் இன்னும் கவுண்டர் வாசலில்தான் இருந்தாள். தனசேகரன் வரப்பைத் தாண்டினான். கருவாயன் மாட்டுக்கொட்டகை நிழலில் கிடந்தது. கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. போன மாதம் அவனைக் கண்டால் பல்லைக் காட்டிய நாய், இப்போது உறுமக்கூடத் தெம்பில்லாமல் வாலின் நுனியை லேசாக அசைத்தது. அவனுக்கு அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. கோழி போனால் போகிறது என்று விட்டிருக்கலாம். சாக்கில் சுற்றித் தூக்கினான், கனமே இல்லை. கோகிலவாணி பைக்கின் பின்னால் உட்கார்ந்து நாயை மடியில் வாங்கிக்கொண்டாள்.

பாதை முழுக்கச் சேறும் சரளையும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நாயின் மூக்கிலிருந்து இன்னும் கொஞ்சம் ரத்தம் அவள் புடவையில் விழுந்தது. "செத்துடப் போவுதுய்யா, மெதுவாப் போ," என்றாள். மெதுவாகப் போனால் சாயங்காலத்துக்குள் திரும்ப முடியாது. வேகமாகப் போனால் நாய் தாங்காது. வழியில் செத்துவிட்டால் விஷம் வைத்தவனே பிணத்தையும் ஒளித்தான் என்றாகிவிடும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

ஜமுனாமரத்தூர் கால்நடை மருந்தகத்தில் டாக்டர் ராஜேஸ்வரி அப்போதுதான் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நாயைப் பார்த்ததும் துண்டைக்கூட எடுக்காமல் ஈரக் கையோடு வந்து அதன் உதட்டைத் தூக்கினார். ஈறு வெளுத்திருந்தது. வயிற்றுப் பக்கம் முடியை விலக்கினார். தோலில் அங்கங்கே ரத்தம் கட்டிய புள்ளிகள். காதை மடக்கியதும் உள்ளே கொத்துக்கொத்தாக உண்ணி.

"இது எத்தினி நாளா சாப்பிடலை?"

"மழை புடிச்சதுல இருந்துங்க." தனசேகரன் குரலைத் தாழ்த்தினான். "ஏங்க... குருணை கிருணை ஏதாச்சும் தின்னிருக்குங்களா?"

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். எதற்குக் கேட்கிறான் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

"குருணை தின்ன நாய் இத்தனை நாள் தாங்காதுங்க. அன்னிக்கே வாயில நுரை தள்ளி, கை கால் வெட்டிக்கிட்டுப் போயிடும். இது விஷம் இல்லை. இருங்க, ரத்தத்தையும் பார்த்துடறேன்."

காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து உள்ளே கொண்டுபோனார். காத்திருந்த நேரத்தில் கோகிலவாணி நாயின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். தனசேகரன் வெளியே போய் வெயில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தான். திரும்பவும் போய்ப் பார்த்தான்.

"உண்ணிக் காய்ச்சல்," என்று சொல்லிக்கொண்டே வந்தார் டாக்டர். "உண்ணி கடிக்கும்போது ஒரு கிருமி ரத்தத்துல இறங்கும். ரத்தம் உறையறதுக்கு ஒடம்புல ஒரு அணு இருக்கு, அது குறைஞ்சு போயிடும். அதான் மூக்கு ஒழுகுது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா போயிருக்கும். ஊசி போடறேன். இந்த மாத்திரையைத் தினமும் சாப்பாட்டோட குடுக்கணும், வெறும் வயித்துல குடுக்காதீங்க. எழுந்து ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னு நடுவுல நிறுத்தவும் கூடாது."

தனசேகரனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கேட்டியா கோகிலா? நானு இல்ல! உண்ணி!" என்று மனைவியின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். உண்ணிக்குக் கோயில் கட்டக்கூடத் தயாராக இருந்தான் அந்த நிமிஷத்தில்.

ஊசியைப் போட்டுவிட்டு டாக்டர், "இந்த உண்ணியெல்லாம் வீட்டுல யார் எடுக்கறது?" என்று கேட்டார்.

"நாயிக்குச் சொந்தக்கார அக்காங்க. தெனம் சாயங்காலம் மடியில போட்டுப் புடுங்குவாங்க."

"புடுங்கி?"

"ரெண்டு கட்டை வெரலு நகத்துக்கு நடுவுல வெச்சி நசுக்குவாங்க. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான். கீழ போட்டா திரும்ப ஏறிடும்ல?"

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். "அந்த அம்மாவுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?"

தனசேகரன் வாயைத் திறக்கும் முன் கோகிலவாணி பதில் சொன்னாள். "காய்ச்சலுங்க. நாலஞ்சு நாளா தலைவலி மண்டையப் பொளக்குதுன்னு துண்டைக் கட்டிக்கினுதான் அறுப்புக்கு வருது. மழையில நனைஞ்சதுன்னு நெனச்சோம்."

"நாய்க்கு வந்தது ஒரு கிருமி. அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, அது மனுஷங்களுக்கு வரும். அதையும் உண்ணிதான் சுமக்குது. நசுக்கும்போது அந்த ரத்தம் நகக்கண் வழியா, சிராய்ப்பு வழியா உள்ள போயிடும். கடிக்கக்கூட வேணாம். மணிக்கட்டு, உள்ளங்கை, பாதம், இங்கெல்லாம் சிவப்புப் புள்ளி வந்திருக்கான்னு பாருங்க. வந்திருந்தா இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. சீக்கிரம் போனா மாத்திரையிலேயே சரியாகிடும். விட்டா மூளை, கிட்னின்னு போயி உயிரை எடுத்துடும்." தன் போன் நம்பரைச் சொல்லி அவன் போனில் பதியவைத்தார். "அங்க இருக்கற டாக்டரை என்கிட்ட பேசச் சொல்லுங்க."

திரும்பும் வழியில் கொஞ்ச தூரம் வரை அவனுக்கு அந்தச் சந்தோஷம் இருந்தது. நாயைக் காட்டலாம், மாத்திரையைக் காட்டலாம், கற்பூரத்தை நெஞ்சை நிமிர்த்தி அடித்து அணைக்கலாம். பிறகு, ஓடையைத் தாண்டும்போது, அடுத்தது என்ன நடக்கும் என்பது அவனுக்கு உறைத்தது. பைக்கை நிறுத்திவிட்டான்.

"இன்னா?" என்றாள் கோகிலவாணி.

"நான் கற்பூரத்தை அணைச்சா, அக்கா நாளைக்கோ நாளன்னிக்கோ படுக்கையில வுழும்."

அவளுக்கும் புரிந்தது. யாரும் மங்கம்மாளை மலை இறக்க மாட்டார்கள். பொய்ப் பழி போட்டாள், சாமி சாய்த்துவிட்டது என்று வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவளாவது பொய்யை ஒத்துக்கொள்வாளா என்றால், அவள் மனதறிந்து பொய் சொல்லவே இல்லை. அவள் சொன்னதை அவள் முழுக்க நம்புகிறாள். செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். செத்துத்தான் போவாள்.

அவள் சாவதால் தனசேகரனுக்கு நஷ்டமும் இல்லை. அதுதான் அவனைப் பிடுங்கித் தின்றது. அவள் செத்தால் அவன் உத்தமன். வேடியப்பனே சாட்சி சொன்ன உத்தமன். புளியங்கொல்லையில் இனி ஒருத்தன் அவனை எதிர்த்துப் பேச மாட்டான். ஒன்றும் செய்யாமல், வாயை மூடிக்கொண்டு, ஒரு கற்பூரத்தை அணைத்தால் போதும். அந்த நினைப்பு வந்ததற்கே அவன் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் வந்தது வந்ததுதான்.

"போயி எல்லாத்தியும் சொல்லிப் பாப்போம்," என்றாள் கோகிலவாணி. "டாக்டரே சொன்னாங்கல்ல. நம்பாமயா போயிடுவாங்க?"

அவளுக்கு ஊர் மேல் இருந்த நம்பிக்கையை என்னவென்று சொல்வது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வேடியப்பன் கல்லைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. நாயைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்ற பேச்சு அதற்குள் முற்றிப் பழுத்திருந்தது. பைக்கைக் கண்டதும் மங்கம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். ஓடி வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், பாதித் தூரம் தடுமாறித்தான் வந்தாள். கோகிலவாணியின் மடியிலிருந்து நாயைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்கடா தூக்கினு போன? பொதைக்கவா?"

"அக்கா, மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டினு போனேன். இது வெஷம் இல்லக்கா. உண்ணிக் காய்ச்சல். டாக்டரு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. ஊசி போட்டிருக்காங்க. இதோ மாத்திரை."

"நாயைத் தூக்கினு போனதும் நீ, டாக்டரு சொன்னாருன்னு வந்து சொல்றதும் நீ!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நானும் கூடப் போனேன், என் காதாலக் கேட்டேன்," என்றாள் கோகிலவாணி.

"பொண்டாட்டி வேற இன்னா சொல்லுவா?" சிரித்தார்கள்.

"உண்ணியாம், உண்ணி!" மங்கம்மாள் மாத்திரை அட்டையைத் தட்டிவிட்டாள். "நான் பொறந்ததுல இருந்து உண்ணி பாக்கறேன். உண்ணி கடிச்சி எந்த நாயிடா மூக்குல ரத்தம் கக்குச்சி? இதுவும் வெஷ மாத்திரைதானே? மிச்சம் இருக்கற உசுரையும் எடுக்கப் பாக்கறியா?"

கோகிலவாணி குனிந்து மாத்திரையைச் சேற்றிலிருந்து எடுத்தாள். போனை நீட்டி யாரையாவது டாக்டரிடம் பேச வைக்கலாம் என்றால், புளியங்கொல்லையில் சிக்னல் என்பது பேச்சுக்குக்கூடக் கிடையாது.

"அக்கா, உனக்கும் அதே காய்ச்சல்தான். உண்ணியை நசுக்கினதுல வந்துது. கையைக் காட்டுக்கா. டாக்டரு சொன்னாங்க, வுட்டா உசுருக்கு..."

"கேட்டீங்களா, கேட்டீங்களா!" மங்கம்மாளின் குரல் கிழிந்தது. "நான் சாவணுமாம்! சாமி முன்னாடியே எனக்குச் சாபம் வுடறான்!"

அவ்வளவுதான். கூட்டம் கொதித்துவிட்டது. ஒருவன் தனசேகரனின் சட்டையைப் பிடித்தான். துரைக்கண்ணு கவுண்டர் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார். கெட்ட மனிதர் இல்லை அவர். வழக்கத்தை மீறிப் பழக்கமில்லாதவர், அவ்வளவே.

"பேச்சு போதும். தனசேகரா, கருவாயன் வாயில உன் கையால வெஷம் போவலன்னு சொல்லி அணை. எரிஞ்சி முடியறதுக்குள்ள அணைக்கணும். தானா அணைஞ்சா குத்தம் உன்னுது."

கற்பூரத்தை மங்கம்மாள்தான் ஏற்ற வேண்டும், அவள்தான் கேட்டவள். நாயைத் தரையில் விட்டுவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி அணைந்தது. கை அவ்வளவு நடுங்கியது. இரண்டாவது பற்றியது. கல்லின் மேல் கற்பூரக் கட்டி எரியத் தொடங்கியது. அந்த வெளிச்சத்தில் தனசேகரன் அவள் கையைப் பார்த்தான். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். குச்சியைப் போட்டுவிட்டு அவள் கை விரித்தபோது உள்ளங்கையிலும் இருந்தன.

"அணைடா!" என்று கத்தினாள். கல்லைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

அவன் கையை ஓங்கினான். அடித்தால் முடிந்தது. சொல்லப்போவது சத்தியமான உண்மை, எந்தச் சாமிக்கும் அவன் பயப்பட வேண்டியதில்லை. கற்பூரம் பாதியாகக் கரைந்து ஓரத்தில் கருகத் தொடங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. உண்மையை அவன் சொல்லிப் பார்த்துவிட்டான். யாருக்கும் வேண்டாத சரக்காகிவிட்டது அது. இந்தக் கூட்டம் நம்புவது ஒன்றே ஒன்றைத்தான்.

கையை இறக்கினான்.

"வெஷம் வெச்சது நாந்தான்," என்றான்.

குரல் நடுங்கவில்லை. ஓடைப் பக்கத்துப் பூசணிக்காய் அவன் கண் முன் இருந்தது. அதனால் பாதி உண்மையாவது இருந்த ஒரு பொய் அது.

கோகிலவாணி, "யோவ்!" என்று அலறினாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன கண்டாளோ, முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள்.

"குருணை வெச்சேன். பொல்லாத வெஷம் அது. தொட்டாலும் ஏறும்." அவன் வேகவேகமாகப் பேசினான், யாரும் குறுக்கே பேச இடம் கொடுக்காமல். "அக்கா நாயோட ரத்தத்தத் துடைச்சிது, வாந்தியெடுத்தத மடியில வாங்கிச்சி. அதான் காய்ச்சல். கையப் பாருங்க, வெஷம் ஏறிப் புள்ளி புள்ளியா நிக்குது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போவலன்னா போயிடும். அந்தப் பாவம் எனக்கு வாணாம் கவுண்டரே. நாயிக்குத்தான் வெச்சேன், மனுசாளுக்கு வெக்கல."

மங்கம்மாள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதுவரை அவள் அதைப் பார்க்கவே இல்லை. உண்ணி என்றபோது ஏளனம் செய்தவள், விஷம் என்றதும் நம்பினாள். முகம் வெளிறியது. "ஐயோ," என்றாள், சின்னக் குரலில். கல்லைப் பிடித்திருந்த கை நழுவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. குற்றத்தை ஒத்துக்கொண்டவன் கெடுத்ததைச் சீர்செய்ய வேண்டும் என்பதும் ஊர் வழக்கம்தான். தனசேகரனை இரண்டு அறை அறைந்தார்கள். அறைந்தவர்களே ஓடிப்போய் ஒரு ஜீப்பைக் கொண்டுவந்தார்கள். "இவனையும் ஏத்துங்க, இவன்தான் தூக்கணும்," என்றார் கவுண்டர். மங்கம்மாளை அவன்தான் தூக்கி ஜீப்பில் வைத்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. கீழே இறங்கும் வளைவுகளில் எல்லாம் அவள் தலை அவன் தோளில் வந்து சாய்ந்தது. நினைவு வரும்போதெல்லாம் நிமிர்ந்து, "பாவி," என்றாள். திரும்பவும் சாய்ந்தாள்.

தனசேகரனுக்குப் பயம் இன்னும் தீரவில்லை. திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் கவுண்டர் முந்திக்கொண்டு, "வெஷமுங்க, வயக்காட்டு வெஷம் ஏறிடுச்சி," என்றார். விஷத்துக்கு மருந்து கொடுத்தால் இவ்வளவும் வீண். தனசேகரன் கவுண்டர் அசந்த நேரம் பார்த்து டாக்டரின் பின்னாலேயே அறைக்குள் ஓடினான். வார்டுபாய் வெளியே தள்ளினான். திரும்ப ஓடினான். போனில் ராஜேஸ்வரியைப் பிடித்து, "ஒரு நிமிசம் பேசுங்க சார், கால்ல வேணா வுழறேன்," என்று டாக்டரின் கையில் திணித்தான். அவர் கேட்டுக்கொண்டே எழுந்து போய் மங்கம்மாளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணைப் பார்த்தார். பிறகு நர்சைக் கூப்பிட்டு மருந்தைச் சொன்னார். நாய்க்குக் கொடுத்த அதே மருந்து.

தனசேகரன் வராண்டாத் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, குலுங்கிக் குலுங்கி அழுதான். பயத்தில் அழுகிறான் என்று நினைத்துக் கவுண்டர் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ஊர் அவனுக்குத் தண்டனை விதித்தது. ஒரு வருஷத்துக்கு அவன் எந்த வீட்டு விசேஷத்திலும் கை நனைக்கக் கூடாது, கோயில் எல்லையை மிதிக்கக் கூடாது. கோகிலவாணி அதற்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஊரைப் பேசினாள், கவுண்டரைப் பேசினாள், அதிகம் பேசியது புருஷனைத்தான். பேசிவிட்டு வரப்பைத் தாண்டிப் போய்க் கருவாயனைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். காலையில் களியைக் கிண்டி வைப்பாள். தனசேகரன் அதில் ஒரு உருண்டையைப் பிடித்து நடுவில் மாத்திரையை வைத்து நீட்டுவான். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாய், பிறகு அவன் கையையே நக்கிச் சாப்பிட ஆரம்பித்தது. மூக்கில் ரத்தம் ஒழுகுவது நின்றது. ஒரு காலையில் எழுந்து நின்று, முதல் வேலையாக அவன் கோழிகளைப் பார்த்துக் குரைத்தது.

கருவாயன் நடக்கத் தொடங்கியதைச் சொல்லலாம் என்று அவன் மறுபடி திருப்பத்தூருக்குப் போனான். மங்கம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். புள்ளிகள் மங்கியிருந்தன. அவனைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அவன் போகவில்லை.

"அக்கா, டாக்டரு உனக்கு இன்னா காய்ச்சல்னு சொன்னாரு?"

"உண்ணின்னு சொல்றாங்க. இங்க இருக்கறவங்களுக்கு இன்னா தெரியும்? மலைய ஏறிப் பாத்திருக்காங்களா?"

"மெய்யாலுமே உண்ணிதான்க்கா. நான் நாயிக்கு வெஷம் வெக்கல. அன்னிக்கு உன்ன எறக்கினு வரணும்னுதான்..."

"வாய மூடு!" அவள் கஞ்சிக் கிண்ணத்தைப் பட்டென்று வைத்தாள். பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "கல்லு முன்னாடி ஒத்துக்கினத திரும்ப இல்லன்னு சொல்லாத. சாமி உன்ன வுடாது. புள்ளகுட்டி பொறக்க வேணாமா உனக்கு?"

அவளுடைய அந்தப் பயம் அவனுக்காக என்பது புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"உன் மேல எனக்குக் கோவம் தீரல. சாவற வரைக்கும் தீராது," என்றாள் அவள். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அன்னிக்கு நீ இல்லன்னு சொல்லிக் கற்பூரத்த அணைச்சிருந்தா நான் செத்திருப்பேன். நீ ஒத்துக்கின, நான் பொழச்சேன். அது மட்டும் நெசம்."

"ஆமாக்கா," என்றான் தனசேகரன்.

அவள் கிண்ணத்தை எடுத்து மிச்சக் கஞ்சியைக் குடித்தாள். நகத்தால் கிண்ணத்தின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"கருவாயனுக்கு யாரு சோறு வெக்கறது?"

"கோகிலாதான்."

"அவளே வெக்கட்டும். நீ அது கிட்டக்கூடப் போவக் கூடாது. தெரிஞ்சிதா?"

காலையில் நீட்டிய உள்ளங்கையில் நாயின் எச்சிலோடு ஒட்டிய களி இன்னும் விரலிடுக்கில் காய்ந்திருந்தது. அவன் கையை மடக்கிக்கொண்டான்.

"சரிக்கா," என்றான்.